வெக்ஸ்ஃபோர்டில் கரை ஒதுங்கியவள்

அயர்லாந்தின் தென்கிழக்கு மூலையில் வெக்ஸ்ஃபோர்டு என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. அதன் முகத்துவாரத்தில் மணல்திட்டுகள் உண்டு. கடல் ஏறும்போது அவை மறைந்துவிடும், வற்றும்போது தலைகாட்டும். 1891 மார்ச் 25 அன்று அந்தத் திட்டுகளில் ஒன்றில் ஒரு நீலத் திமிங்கலம் தட்டி நின்றது. பெண் திமிங்கலம். தலையிலிருந்து வால்வரை 25 மீட்டருக்கும் மேல் நீளம். தண்ணீர் இறங்கிக்கொண்டே போயிற்று. அவளால் திரும்ப முடியவில்லை.

கடலுக்குள் இருக்கும்வரை திமிங்கலத்தின் எடையைத் தண்ணீர் தாங்குகிறது. தரை தட்டிவிட்டால் அந்த எடை முழுவதும் அதன் நெஞ்சின்மேலேயே இறங்கும். மூச்சை இழுக்கச் சிரமப்படும். தோலுக்கடியில் தடித்த கொழுப்பு இருப்பதால் உடம்பின் சூடும் வெளியேறாது. வெக்ஸ்ஃபோர்டில் கிடந்தவள் உடனே சாகவில்லை. நெட் விக்கம் என்ற உள்ளூர்ப் படகோட்டி அவளுடைய பக்கத் துடுப்புக்குக் கீழே ஆயுதத்தைச் செலுத்தி அவள் துன்பத்தை முடித்து வைத்தார்.

பிறகு அவள் விலைபொருள் ஆனாள். அந்தக் காலத்தில் திமிங்கலக் கொழுப்பைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் விளக்கு எரிந்தது, சோப்பு செய்தார்கள், எந்திரங்களுக்கு ஊற்றினார்கள். அவளுடைய கொழுப்பும் அந்த வழியே போயிற்று. எஞ்சிய எலும்புக்கூட்டை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 250 பவுண்டு கொடுத்து வாங்கியது. அவளுடைய மேல்தாடையிலிருந்து எடுத்த பலீன் தகடுகளும் அங்கே வந்து சேர்ந்தன. அந்தத் தகடுகளை இப்போதைக்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்போது அந்த அருங்காட்சியகம் திறந்து பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. இயக்குநராக இருந்தவர் வில்லியம் ஹென்றி ஃப்ளவர். எலும்புகளைப் படிப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். பாலூட்டிகளின் எலும்புகளைப் பற்றி 1870இல் ஒரு பாடநூலே எழுதியிருந்தார். திமிங்கலங்கள்மேல் அவருக்குத் தனி ஈடுபாடு. மீன் வடிவம் கொண்ட இந்த விலங்கு குட்டி போடுகிறது, பால் கொடுக்கிறது, நுரையீரலால் மூச்சு விடுகிறது. இதன் முன்னோர் யார்? 1883இல் ஒரு சொற்பொழிவில் அவர் தம் பதிலைச் சொன்னார்: ஆடு, மாடு, பன்றி, மான் ஆகியவை சேர்ந்த குளம்புள்ள விலங்குகளின் கிளையிலிருந்தே திமிங்கலங்கள் வந்திருக்க வேண்டும். கடலின் மிகப் பெரிய உயிரையும் கொட்டிலில் நிற்கும் பசுவையும் ஒரே குடும்பத்தில் சேர்க்கிறாரே என்று கேட்டவர்கள் வியந்திருப்பார்கள். நிரூபிக்கப் போதுமான எலும்பு அப்போது யார் கையிலும் இல்லை.

லண்டனுக்கு வந்த எலும்புகளைத் தொங்கவிட அங்கே இடமும் இல்லை. அவ்வளவு நீளமான கூடம் கட்டப்பட்டிருக்கவில்லை. ஆகவே அவள் நாற்பது ஆண்டுகள் கிடங்கில் இருந்தாள்.

அவள் கிடங்கில் இருக்கும் நேரத்தில் எலும்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். காய்ந்த எலும்பை மட்டுமே பார்த்தவர்கள் அது கல்லைப்போல உயிரற்றது என்று நினைத்துவிடுகிறார்கள். உடம்புக்குள் இருக்கும் எலும்பில் ரத்தம் ஓடுகிறது, நரம்பு போகிறது. அதைக் கட்டுவதற்கென்று சில செல்கள் இருக்கின்றன, அரித்துக் கரைப்பதற்கென்று வேறு சில செல்கள் இருக்கின்றன. இரண்டும் இரவு பகலாக வேலை செய்கின்றன. கை முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டுச் சில வாரங்கள் காத்திருக்கிறோமே, அந்த வாரங்களில் வேலை செய்பவை இந்தச் செல்கள்தாம். மாவுக்கட்டு எலும்பை அசையாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே.

எலும்பு இரண்டு பொருள்களால் ஆனது. ஒன்று கொலாஜன் என்ற புரத இழை. மற்றது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது உப்பு. இழை வளைந்து கொடுக்கும். உப்பு விறைப்பைத் தரும். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சமைத்துச் சாப்பிட்ட கோழிக்கால் எலும்பு ஒன்றை நன்றாகக் கழுவி, ஒரு பாட்டிலில் போட்டு, அது மூழ்கும்வரை வினிகர் ஊற்றி மூடி வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். சில நாள்களில் எலும்பு விரலுக்கு இணங்கி வளையத் தொடங்கும். வினிகரில் உள்ள அமிலம் உப்பைக் கரைத்துவிட்டது, இழை மட்டும் மிச்சம். நெருப்பில் வெந்த எலும்புக்கு நேர்வது இதற்கு மறுதலை. இழை எரிந்துவிடும், உப்பு நிற்கும், தொட்டால் உதிரும். வளையவும் வேண்டும் ஒடியவும் கூடாது என்ற இரண்டு தேவைக்கும் ஒரே பொருளில் விடை இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

பிறந்த குழந்தையின் உடம்பில் ஏறத்தாழ 300 எலும்புகள் இருக்கும். வளர்ந்தவருக்கு 206. எதுவும் காணாமல் போகவில்லை, தனித்தனித் துண்டுகளாக இருந்தவை வளர வளர ஒட்டிக்கொள்கின்றன. நீண்ட எலும்புகளின் நுனியில் குருத்தெலும்புப் பட்டை ஒன்று இருக்கும். உயரம் கூடுவது அங்கேதான். வளர்ச்சி முடிந்ததும் அந்தப் பட்டையும் எலும்பாகி நுனி ஒட்டிவிடும். ஆகவே எங்கோ மண்ணுக்கடியில் கிடைக்கும் எலும்பின் நுனியைப் பார்த்தே அது வளர்ந்தவருடையதா, பிள்ளையுடையதா என்று எலும்பியல் ஆய்வாளர் சொல்லிவிடுவார். திமிங்கலத்திடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். அதன் ஒவ்வொரு முதுகு முள்ளெலும்பின் முன்னும் பின்னும் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. குட்டியில் அது தனியாக இருக்கும். வளர்ந்ததும் முள்ளெலும்போடு சேர்ந்துவிடும். அந்தச் சேர்க்கை கழுத்துப் பக்கமிருந்தும் வால் பக்கமிருந்தும் தொடங்கி நடு முதுகில் வந்து முடியும். எதுவரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் விலங்கின் பருவம் தெரிந்துபோகும்.

திமிங்கல எலும்பில் நம் எலும்பில் இல்லாத ஒன்றும் உண்டு. நம் தொடை எலும்பு நடுவில் குழாயாக இருக்கும், அதற்குள் மஜ்ஜை. திமிங்கல எலும்பு உள்ளே முழுவதும் நுண்துளைகள் நிறைந்த வலைப்பின்னல். அந்தத் துளைகளில் எண்ணெய். சுத்தம் செய்து வைத்த பிறகும் பல ஆண்டுகளுக்கு அதிலிருந்து எண்ணெய் கசிந்துகொண்டிருக்கும். அருங்காட்சியகங்களில் திமிங்கலத்தைப் பராமரிப்பவர்களுக்குத் தீராத வேலை இது. இவள் கரை ஒதுங்காமல் நடுக்கடலில் இறந்து அடியில் போய்ச் சேர்ந்திருந்தால் அந்த எண்ணெய் வேறு உயிர்களுக்கு உணவாகியிருக்கும். ஓசிடாக்ஸ் என்ற புழு ஒன்று இருக்கிறது. வாயும் இல்லை, குடலும் இல்லை. வேர்களை விட்டு எலும்பைத் துளைத்து, உள்ளே இருப்பதைத் தன்னோடு வாழும் பாக்டீரியாக்களின் துணையால் உணவாக்கிக்கொள்கிறது. கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் ஆழத்தில் கிடந்த ஒரு திமிங்கலத்தின்மேல் 2002இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். கடலடியில் விழுந்த எலும்பு, மறைந்துபோகும் எலும்பு. மணல்திட்டில் தட்டியதால் இவளுடைய எலும்புகள் நமக்கு மிஞ்சின.

கிடங்கில் இருந்த அந்த நாற்பது ஆண்டுகளில் வெளியே நடந்ததைச் சொல்ல மனம் கூசுகிறது. நீலத் திமிங்கலம் வேகமானது, வலிமையானது. பாய்மரக் கப்பல் காலத்தில் அதைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நார்வேக்காரரான ஸ்வென்ட் ஃபோயின் வெடிமருந்து வைத்த ஈட்டியைப் பீரங்கியால் எய்யும் முறையைத் திருத்தி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நீராவிப் படகு வந்தது. 1904இல் அன்டார்க்டிகாவுக்கு அருகில் சவுத் ஜார்ஜியா தீவில் வேட்டை நிலையம் அமைந்தது. பிறகு நடுக்கடலிலேயே அறுத்துக் காய்ச்சும் ஆலைக்கப்பல்கள் வந்தன. லண்டன் அருங்காட்சியகம் அவளைத் தொங்கவிடுவதற்கான பெரிய கூடத்தை 1931இல் கட்டி முடித்தது. 1930–31 ஒரே வேட்டைப் பருவத்தில் தென்கடலில் கொல்லப்பட்ட நீலத் திமிங்கலங்கள் 29,000க்கும் மேல். ஒன்றைக் காட்சிக்கு வைக்க மண்டபம் எழும்பிய அதே காலத்தில், உயிரோடு இருந்தவற்றில் அத்தனையைக் கொன்று தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

1930களில் புதிய கூடத்தில் மக்கள் அவளைப் பார்த்தார்கள். எலும்புக்கூடு மேலே தொங்கியது. அதன் கீழே அதே அளவில் ஒரு முழு நீலத் திமிங்கல உருவம். பெர்சி ஸ்டாம்விட்ஸ் என்ற அருங்காட்சியகக் கலைஞரின் தலைமையில் மரச்சட்டம் கட்டி, கம்பி வலை போர்த்தி, பிளாஸ்டர் பூசிச் செய்தது. உயிருள்ள நீலத் திமிங்கலம் நீருக்குள் எப்படி இருக்கும் என்று அதைச் செய்தவர்கள் யாரும் பார்த்ததில்லை. நீருக்குள் நீந்தும் நீலத் திமிங்கலத்தின் படமும் அவர்களிடம் இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இறந்து உப்பிய உடல்கள். அதனால் உருவத்தின் தொண்டை உண்மையைவிடப் பருத்துப்போயிற்று. கீழே இருந்த உடல் ஊகம், மேலே இருந்த எலும்பு உண்மை. பல தலைமுறைக் குழந்தைகள் இரண்டையும் ஒருசேரப் பார்த்து வளர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நினைவில் நின்றது பிளாஸ்டர் உருவம்தான். எனக்கு எலும்புதான் மேலானதாகப் படுகிறது. ஏன் என்று கேட்டால், உங்கள் வலக்கையை ஒருமுறை பாருங்கள் என்பேன்.

தோளிலிருந்து முழங்கைவரை ஓர் எலும்பு. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை இரண்டு. மணிக்கட்டில் சிறு எலும்புகளின் கூட்டம். பிறகு உள்ளங்கை, விரல்கள். திமிங்கலத்தின் துடுப்பு வெளியிலிருந்து பார்த்தால் வழவழப்பான பலகை. தோலையும் சதையையும் எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது கை. தோளிலிருந்து ஓர் எலும்பு, பிறகு இரண்டு, பிறகு சிறு எலும்புகள், பிறகு விரல்கள். நீலத் திமிங்கலத்துக்கு நான்கு விரல்கள். நம் விரலில் மூன்று கணுக்கள் இருக்கும் இடத்தில் அதற்கு இன்னும் கூடுதலாக இருக்கும். முழங்கை மடங்காது, விரல்கள் பிரியாது. ஆனாலும் வரிசை மாறவில்லை. நீந்தப் போன விலங்கு புதிதாகத் துடுப்பு ஒன்றை உண்டாக்கிக்கொள்ளவில்லை, நடந்த காலத்துக் கையையே நீட்டித் தட்டையாக்கிக்கொண்டது.

கழுத்துக்கு வாருங்கள். உங்கள் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான், ஒவ்வொன்றும் நீளம். நீலத் திமிங்கலத்துக்கும் ஏழு, ஒவ்வொன்றும் நெருக்கியடித்த தட்டை. விலா எலும்புகளில் முதல் இணை மட்டுமே மார்பெலும்போடு சேர்ந்திருக்கும், மற்றவை தளர்வாக நிற்கும். ஆழத்துக்கு இறங்கும்போது நீரின் அழுத்தத்தில் நெஞ்சு சுருங்க வேண்டுமே, இறுகக் கட்டிய கூடு என்றால் நொறுங்கிவிடும். கீழ்த்தாடை எலும்புகள் இரண்டும் முன்னால் எலும்பாக ஒட்டியிருக்காது. நாரும் குருத்தும் சேர்ந்த இணைப்பு. கிரில் என்ற கூனி இறால்களின் கூட்டத்தைப் பார்த்தால் நீலத் திமிங்கலம் வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்து, கடல்நீரோடு சேர்த்து அள்ளும். தாடை அகலத் திரும்புவதற்குத்தான் அந்த இணைப்பு தளர்வாக இருக்கிறது. வாலின் இரண்டு இலைகளிலும் முதுகுத் துடுப்பிலும் எலும்பே கிடையாது. அதனால் எலும்புக்கூட்டை மட்டும் பார்க்கிறவர்களுக்கு வால் ஒல்லியாக முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

இடுப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. திமிங்கலத்துக்குப் பின்னங்கால் இல்லை. ஆனால் இடுப்பெலும்பு இருக்கிறது. முதுகெலும்போடு சேராமல் சதைக்குள் தனியாக மிதக்கும் இரண்டு சிறு எலும்புகள். இனப்பெருக்க உறுப்புகளின் தசைகள் அவற்றில் பற்றிக்கொண்டிருக்கின்றன. நடந்து திரிந்த காலம் போய்விட்டது, அடையாளம் போகவில்லை.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் ஒரு பெரிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. போகிறவர்கள் நீளத்தைப் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடாமல், துடுப்பில் கையையும் கழுத்தில் ஏழையும் தேடிப் பாருங்கள்.

ஃப்ளவர் சொன்ன குளம்புக் கதைக்குத் திரும்புவோம். அவர் 1899இல் இறந்துவிட்டார். கேள்வி இறக்கவில்லை. ஆடு, மாடு, மான், பன்றி இவற்றின் கணுக்காலில் ஒரு சிறிய எலும்பு உண்டு. அதன் இரு முனைகளும் கப்பி வடிவத்தில் இருக்கும். இந்த இரட்டைக் கப்பி வேறு எந்த விலங்குக் கூட்டத்துக்கும் கிடையாது. 2001இல் பாகிஸ்தானின் பழம்பாறைகளிலிருந்து, காலோடு வாழ்ந்த ஆதித் திமிங்கலங்களின் கணுக்கால் எலும்புகளை இரண்டு குழுக்கள் வெளியிட்டன. இரண்டிலும் இரட்டைக் கப்பி இருந்தது. ஃப்ளவர் சொற்பொழிவாற்றி 118 ஆண்டுகள் கழித்து, கட்டைவிரல் கனத்தில் ஓர் எலும்பு அவர் பக்கம் சாட்சி சொன்னது.

அதைவிட எனக்குப் பிடித்த கதை நம் நாட்டில் நடந்தது. ஏ. ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் ஏராளமான எலும்புப் பாறைகளைச் சேகரித்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் உடைத்துச் சுத்தம் செய்து பார்க்க அவருக்கு ஆயுள் போதவில்லை. அவர் மறைந்த பிறகு அவர் மனைவி அந்தப் பாறைகளைப் பத்திரமாகப் பாதுகாத்து, கடைசியில் திமிங்கலங்களின் தோற்றத்தை ஆராயும் ஹான்ஸ் தெவிசனிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்தபோது காதுப் பகுதியின் எலும்பு தற்செயலாக உடைந்துவிட்டது. உடைந்த இடத்தைப் பார்த்தால், காதெலும்பின் ஒரு பக்க விளிம்பு தடித்து உருண்டிருந்தது. அப்படித் தடித்த விளிம்பு திமிங்கலங்களின் காதுக்கே உரியது. ஆனால் அந்த மண்டையோடு திமிங்கலத்துடையது அல்ல. பூனையளவே இருந்த, குளம்புக்காலி விலங்கு ஒன்றினுடையது. பெயர் இண்டோஹயஸ். ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் சருகுமானை நினைத்துக்கொண்டால் உருவம் பிடிபடும். அதன் கால் எலும்புகளின் சுவர் வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்தது. நீரில் இறங்கி நடக்கும் விலங்குக்கு மிதக்காமல் கால் ஊன்ற அந்தக் கனம் உதவும். 2007இல் இந்தச் செய்தி வெளியானபோது நீலத் திமிங்கலத்தின் வம்ச வரிசையில் ஒரு காஷ்மீரத்துச் சிறு விலங்கு உறவாக வந்து நின்றது.

ரங்கா ராவின் மனைவி அந்தப் பாறைகளைத் தூக்கிப் போட்டிருந்தால்? வீட்டை அடைத்துக்கொண்டிருக்கும் கற்கள்தானே என்று நினைத்திருந்தால்? எலும்பறிவியலில் கண்டுபிடிப்பவருக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது பாதுகாத்தவருக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

லண்டனில் தொங்கியவள் இரண்டாம் உலகப் போரையும் பார்த்தாள், போருக்குப் பின்னும் தொடர்ந்த வேட்டைக் காலத்தையும் கடந்தாள். 1800களில் ஏறத்தாழ இரண்டரை லட்சமாக இருந்த நீலத் திமிங்கலங்கள் 1966 வாக்கில் சில நூறாகக் குறைந்துவிட்டன என்று அருங்காட்சியகம் கணக்குச் சொல்கிறது. அந்த ஆண்டு லண்டனில் கூடிய நாடுகள் நீலத் திமிங்கல வேட்டைக்குத் தடை போட்டன. எல்லோரும் உடனே கீழ்ப்படிந்துவிடவில்லை, சோவியத் கப்பல்கள் கள்ளத்தனமாக வேட்டையைத் தொடர்ந்தன. ஆனாலும் அந்த இனம் பிழைத்தது. இன்று ஏறத்தாழ 10,000 முதல் 25,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இலங்கையின் தெற்கே மிரிஸ்ஸ கடலிலும் கிழக்கே திருகோணமலைக் கடலிலும் உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருப்பவற்றைப் படகில் போய்ப் பார்க்க முடியும். அங்கே அவற்றுக்கு ஈட்டியால் ஆபத்து இல்லை. தெற்குக் கரையை ஒட்டிச் செல்லும் பெருங்கப்பல்கள் மோதுவதுதான் ஆபத்து. இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்.

2015இல் அருங்காட்சியகம் ஒரு முடிவை அறிவித்தது. நுழைவு மண்டபத்தின் நடுவே பல்லாண்டாக நின்ற டிப்ளோடோகஸ் டைனோசரை எடுத்துவிட்டு அங்கே நீலத் திமிங்கலத்தைத் தொங்கவிடப் போகிறோம் என்றார்கள். 'டிப்பி' என்று செல்லப்பெயர் பெற்ற அந்த டைனோசர்மேல் உயிரை வைத்திருந்தவர்கள் பலர், எதிர்ப்பும் எழுந்தது. டிப்பி, அச்சில் வார்த்த பிளாஸ்டர் நகல். திமிங்கலம் அசல். முடிவு சரியென்றே எனக்குத் தோன்றுகிறது, டிப்பியைப் பிரிந்த குழந்தைகளின் வருத்தமும் நியாயமானதுதான்.

அதன் பிறகு எலும்பு எலும்பாகப் பிரிக்கும் வேலை. மொத்தம் 221 எலும்புகள், எடை நாலரை டன். 1930களில் இடைவெளிகளை நிரப்பப் பூசிய பிளாஸ்டரைச் சுரண்டியபோது உள்ளே அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள் சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு எலும்பையும் தூசு தட்டி, விரிசலைச் சரிசெய்து, லேசர் கதிரால் அளந்து கணினியில் முப்பரிமாண வடிவமாக ஏற்றினார்கள். வலத் துடுப்பில் சில விரலெலும்புகள் இல்லை. இடத் துடுப்பில் இருந்த அவற்றின் இணைகளை அளந்து, கணினியில் இடம் வலம் மாற்றி, முப்பரிமாண அச்சில் வார்த்து நிரப்பினார்கள். உடம்பின் ஒரு பாதி மறுபாதியின் எதிர்வடிவம் என்பதால் இது முடிந்தது. வலக்கை இல்லாவிட்டாலும் இடக்கையைப் பார்த்து அதை வரைந்துவிடலாம் அல்லவா?

முன்பு அவள் நேராக, விறைப்பாகத் தொங்கினாள். இந்த எழுபது, எண்பது ஆண்டுகளில் மனிதர்கள் நீருக்குள் நீலத் திமிங்கலத்தைப் பார்த்துவிட்டார்கள், படமெடுத்துவிட்டார்கள். இரைமேல் பாயும்போது முதுகு எப்படி வளைகிறது, தாடை எவ்வளவு திறக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆகவே இப்போது அவளை வாயைத் திறந்து கீழ்நோக்கிப் பாய்கிற நிலையில் அமைத்தார்கள். மீனின் முதுகு இடமும் வலமுமாக வளையும். திமிங்கலத்தின் முதுகு மேலும் கீழுமாக வளையும், ஓடும் நாயின் முதுகு வளைவதைப்போல. புதிய அமைப்பில் இது கண்ணுக்குத் தெரிகிறது. 2017 ஜூலை 14 அன்று மண்டபம் திறந்தது. அவளுக்கு ஹோப் என்று பெயர் வைத்தார்கள். நம்பிக்கை என்று அர்த்தம்.

இப்போது பலீன் தகடுகளை எடுத்துக்கொள்வோம். நீலத் திமிங்கலத்துக்குப் பல் கிடையாது. மேல்தாடையிலிருந்து நூற்றுக்கணக்கான தகடுகள் வரிசையாகத் தொங்கும், உள்விளிம்பு நார்நாராகப் பிரிந்திருக்கும். அள்ளிய நீரை அந்த நார்களின் வழியே வெளியே தள்ளினால் கூனி இறால்கள் உள்ளேயே நின்றுவிடும். பலீன் எலும்பு அல்ல. நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின்தான் அது. நகம் எப்படி அடியிலிருந்து வளர்ந்து நுனியில் தேய்கிறதோ அப்படியே அதுவும் ஈறிலிருந்து வளரும். அடியில் இருப்பது நேற்றைய வளர்ச்சி, நுனியில் இருப்பது பல ஆண்டுப் பழையது.

1891இல் இந்தத் தகடுகளை எடுத்து வைத்தவர்களுக்கு அவற்றை என்ன செய்வது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரே தனிமத்தில் எடை கூடிய அணுவும் எடை குறைந்த அணுவும் இருக்கின்றன என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அவற்றுக்கு ஐசோடோப் என்ற பெயர் வந்ததே 1913இல்தான். கார்பனிலும் நைட்ரஜனிலும் இந்த இரு வகை அணுக்களின் விகிதம் கடலுக்குக் கடல், பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் மாறுகிறது. அந்தந்தக் கடலின் பாசி அந்த விகிதத்தை ஏற்கும். பாசியைத் தின்ற கூனி இறாலுக்கும், இறாலைத் தின்ற திமிங்கலத்துக்கும், அவள் வாயில் அன்று வளர்ந்த பலீனுக்கும் அது போய்ச் சேரும்.

சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளைவ் ட்ரூமனும் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு சேபின் முதலானவர்களும் ஹோப்பின் பலீனில் அடியிலிருந்து நுனிவரை சிறு சிறு இடைவெளியில் துளையிட்டுத் துகள் எடுத்து அளந்தார்கள். அட்லான்டிக்கில் வெவ்வேறு வழிகளில் போய்வரும் கற்பனைத் திமிங்கலங்களைக் கணினியில் ஓடவிட்டு, அவற்றின் பலீனில் எந்த விகிதம் பதியும் என்று கணக்கிட்டு, ஹோப்பின் அளவீட்டோடு ஒப்பிட்டார்கள். ஆய்வு 2019இல் வெளியானது. அவளுடைய கடைசி ஏழு ஆண்டுகள் அதில் தெரிந்தன. குளிர்காலத்தில் தெற்கே வெதுவெதுப்பான அட்லான்டிக், கோடையில் வடக்கே இரை மிகுந்த குளிர்கடல் என்று ஆண்டுதோறும் போய்வந்திருக்கிறாள். கடைசிப் பகுதியில் அந்த ஒழுங்கு மாறுகிறது. வடக்கே போகாமல் வெதுவெதுப்பான கடலிலேயே நீண்டகாலம் தங்கியதாக அளவுகள் காட்டுகின்றன. அவள் கருவுற்றுக் குட்டி ஈன்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. நீலத் திமிங்கலத்தின் சூல் காலம் பத்துப் பன்னிரண்டு மாதம். அதன்பின் அரையாண்டுக்கு மேல் குட்டி பாலைக் குடித்து வளரும்.

அந்த ஆய்வுக்குத் தேவைப்பட்டது தகட்டில் சில சிட்டிகைத் துகள்தான். மிச்சப் பலீனை அருங்காட்சியகம் திரும்பவும் சேமிப்பில் வைத்திருக்கிறது.